அறுபது வீட்டு ஒழுங்கைக்கு எந்தக் கழிவுநீர்க் குழாய் முறை பொருந்தும்?

மட்டக்குளி வாசி (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஒழுங்கை 240 மீற்றர் நீளமும், அகலமான இடத்தில் இரண்டரை மீற்றர் அகலமும் கொண்டது. இருபுறமும் அறுபது வீடுகள் இருக்கின்றன. ஒவ்வொரு வீட்டுக்கும் ஏதோ ஒரு வகையில் செப்டிக் தாங்கி உண்டு. ஆனால் நிலத்தடி நீர் மேலேயே நிற்பதனால் மழைக் காலத்தில் ஊறல் குழி எதுவும் ஊறுவதில்லை. தாங்கி நிரம்பி வழிந்து, மழைநீர்க் கானுக்குள் இறங்கி, அங்கிருந்து களனி கங்கைப் பக்கம் போகிறது. தாங்கியை உறிஞ்சி வெறுமையாக்கும் கலி பவுசர் ஒழுங்கை வாயிலுக்கு அப்பால் வர முடியாது.

பிரதான வீதியில் மாநகரக் கழிவுநீர்க் குழாய் ஓடுகிறது. எங்கள் ஒழுங்கை வாயிலுக்கு நேரே உள்ள மேன்ஹோலில் குழாயின் அடிமட்டம் வீதி மட்டத்திலிருந்து 1.6 மீற்றர் கீழே இருப்பதாக அளந்தோம். சிக்கல் என்னவென்றால், ஒழுங்கை வீதியை நோக்கிச் சாயவில்லை. வீதியிலிருந்து விலகி ஆற்றுப் பக்கமாகத்தான் சாய்கிறது. கடைசி வீட்டின் நிலமட்டம் வீதியை விட 0.9 மீற்றர் தாழ்வு. இந்த அளவுகளை, மேசன் மட்டம் பார்க்கும் தண்ணீர்க் குழாயை வைத்து நாங்களே எடுத்தோம். இணைப்புக்கு மாநகர சபையிடம் விண்ணப்பிக்கும் முன்பு, எந்த முறையைக் கேட்பது என்பதில் குடியிருப்பாளர் சங்கத்துக்குள்ளேயே நான்கு கருத்துகள் நிலவுகின்றன. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

குழாய்க்காரர்

இருபத்தைந்து ஆண்டுகளாகக் கொழும்பில் குழாய் வேலை செய்து வருகிறேன். முதலில், குழாயின் சாய்வால் நீர் தானாக ஓடும் வழமையான புவியீர்ப்பு முறையை எடுத்துக்கொள்வோம். பழைய கைவிதி ஒன்று உண்டு: நான்கு அங்குலக் குழாய்க்கு 1:40 (நாற்பது மீற்றருக்கு ஒரு மீற்றர் இறக்கம்), ஆறு அங்குலத்துக்கு 1:60, ஒன்பது அங்குலத்துக்கு 1:90. அதன்படி ஆறு அங்குலக் குழாயை உங்கள் 240 மீற்றருக்குப் பதித்தால் 4 மீற்றர் இறக்கம் தேவை. கடைசி வீட்டில் அரை மீற்றர் ஆழத்தில் தொடங்கினாலும் அது ஏற்கெனவே வீதி மட்டத்துக்கு 1.4 மீற்றர் கீழே இருக்கும். வாயிலுக்கு வரும்போது 5.4 மீற்றர் ஆகிவிடும். மேன்ஹோல் இருப்பதோ 1.6 மீற்றரில். அது மணல் கலந்த ஈரமண்; இரண்டரை மீற்றர் ஒழுங்கையில், அத்திவாரம் சரியாக இல்லாத வீடுகளுக்கு நடுவில், அந்த ஆழத்துக்குக் கிடங்கு வெட்டினால் குழாய் இறங்குவதற்கு முன் சுவர்கள் இறங்கிவிடும். ஆகவே அந்தப் பேச்சை இத்துடன் விட்டுவிடலாம்.

துபாய் ரிட்டர்ன்

வெற்றிட முறையை ஏன் ஒருவரும் நினைப்பதில்லை? துபாயின் பாம் ஜுமேரா செயற்கைத் தீவில் வீடுகளின் கழிவுநீர் வெற்றிடக் குழாய்களில்தான் இழுக்கப்படுகிறது. சில வீடுகளுக்கு ஒரு வால்வுக் குழி இருக்கும். அதில் நாற்பது லீற்றர் அளவு சேர்ந்ததும் காற்றழுத்தத்தால் வால்வு தானாகத் திறந்து, கழிவுநீரும் காற்றும் ஒன்றாகக் குழாய்க்குள் உறிஞ்சப்படும். குழாயை வாள்பல் வடிவில் சிறு சிறு ஏற்றங்களோடு ஒரு மீற்றர் ஆழத்திலேயே பதிக்கலாம் என்பதால் தட்டையான நிலமோ உயர்ந்த நிலத்தடி நீரோ பொருட்டில்லை. குழாய் உடைந்தாலும் வெளியே கசியாது; வெளியில் இருக்கும் நீர்தான் உள்ளே வரும். கிணறுகள் உள்ள இடத்தில் இது சிறிய நன்மை அல்ல.

ஓய்வுபெற்ற வரைவாளர்

தம்பி சொல்லும் இயல்புகள் அனைத்தும் சரியானவையே. ஆயினும், வெற்றிட முறையின் செலவு குழாயில் இல்லை, நிலையத்தில் இருக்கிறது. வெற்றிடப் பம்பிகள், சேகரிப்புத் தாங்கி, அதிலிருந்து வெளியேற்றும் பம்பிகள், மாற்று மின்பிறப்பாக்கி ஆகிய எல்லாவற்றுக்குமாக ஒரு நிலையம் வேண்டும். அது தன் செலவைத் தாங்குவதற்குக் குறைந்தது எழுபத்தைந்து, நூறு இணைப்புகளாவது தேவை என்பது பொதுவான கணக்கு. ஒரு வால்வு திறந்தபடி சிக்கிக்கொண்டால் முழு வலையமைப்பின் வெற்றிடமும் இறங்கிவிடும். அந்த நள்ளிரவில் எந்தக் குழி என்று தேடிக் கண்டுபிடிக்கப் பயிற்சி பெற்ற ஒருவர் வேண்டும். பாம் ஜுமேராவில் அவருக்குச் சம்பளம் கொடுக்க ஆள் இருக்கிறார்கள். மட்டக்குளியில் அவர் யார்?

சங்கத்தினர் இன்னொரு முறையைப் பரிசீலித்தார்களா என்று தெரியவில்லை. 1980களின் தொடக்கத்தில் பிரேசிலின் நட்டால் நகரத்துச் சேரிப் பகுதிகளில் எளிமைப்படுத்திய கழிவுநீர்க் குழாய் முறை உருவானது. 1991 முதல் தலைநகர் பிரசிலியா அதை வசதியானோர் பகுதிகளுக்கும் ஏழைகள் பகுதிகளுக்கும் ஒருசேர ஏற்றுக்கொண்டது. நாம் படித்த காலத்தில், குழாய் தன்னைத்தானே கழுவிக்கொள்ள விநாடிக்கு 0.6 அல்லது 0.75 மீற்றர் வேகம் வேண்டும் என்றுதான் கற்பித்தார்கள். அவர்கள் வேகத்தை விட்டுவிட்டு, நீர் குழாயின் அடியை எவ்வளவு விசையோடு இழுத்துத் தேய்க்கிறது என்பதை அளவுகோலாக எடுத்துக்கொண்டார்கள். ஒரு பாஸ்கல் இழுவிசை நாளுக்கு ஒரு முறையேனும் கிடைத்தால் மண் படியாது என்பது அவர்களது அடிப்படை. அதனால் 100 மில்லிமீற்றர் குழாயை 1:200 சாய்வில் பதிக்க முடிகிறது. மேல்முனையில் திண்மம் ஒரேயடியாக ஓடிவிடுவதில்லை. ஒரு முறை தண்ணீர் ஊற்றும்போது சிறிது தூரம் நகர்ந்து, நின்று, அடுத்த அலைக்குக் காத்திருந்து மீண்டும் நகரும். ஆழமான மேன்ஹோல்களுக்குப் பதிலாகச் சிறிய பரிசோதனைப் பெட்டிகள் போதும். வீதியைக் கிண்டாமல் வீடுகளின் பின்முற்றத்தாலும் கொண்டு போகலாம்.

உங்கள் அளவுகளுக்கு, 240 மீற்றருக்கு 1:200 என்றால் 1.2 மீற்றர் இறக்கம். வாயிலில் குழாய் 2.6 மீற்றர் கீழே வரும். மேன்ஹோலை விட ஒரு மீற்றர் தாழ்வு. வாயிலில் ஒரு சிறு பம்பி வைத்து ஒரு மீற்றர் தூக்கினால் முடிந்தது.

மட்டக்குளி வாசி

நன்றி ஐயா. குழாயை நிலத்தின் இயல்பான சாய்வோடு ஆற்றுப் பக்கமாகவே கொண்டு போனால் என்ன? கணக்குப் போட்டுப் பார்த்தேன்: அரை மீற்றர் ஆழத்தில் தொடங்கினால் கடைசியில் 0.8 மீற்றர்தான். கிடங்கே வெட்டத் தேவையில்லை போலத் தெரிகிறது. அங்கே பம்பியை வைத்து மேலே அனுப்பலாம்.

ஓய்வுபெற்ற வரைவாளர்

வெட்டும் வேலைக்கு அது மிக இலகுவானது. ஆனால் 2016 மே மாதம் களனி கங்கை பெருகியபோது உங்கள் ஒழுங்கையின் அந்தக் கடைசியில் எவ்வளவு தண்ணீர் நின்றது என்பதை நினைத்துப் பாருங்கள். ஆற்றின் மட்டத்தை அளக்கும் நாகலகம் வீதி அளவியில் நீர்மட்டம் ஏறும் ஒவ்வொரு முறையும் உங்கள் பம்பி மூழ்கும். பம்பி மிக அதிகமாகத் தேவைப்படும் அதே நாளில்தான் அது நின்று போகும்.

வெள்ளவத்தை மாடி

பம்பி என்றதும் எங்கள் தொடர்மாடியில் நடந்ததைச் சொல்லத் தோன்றுகிறது. நிலக்கீழ்த் தளத்தில் கழிவுநீர்ச் சேகரிப்புத் தாங்கியும் இரண்டு பம்பிகளும் இருந்தன. அவற்றைக் கவனித்தவர் ஒருவரே. அவர் குடும்பத்தோடு கனடா போனபோது திறப்பையும் யாரிடமோ கொடுத்துவிட்டுப் போனார். யாரிடம் என்பது கூட்டக் குறிப்பில் இல்லை. முதல் பம்பி எரிந்ததை இரண்டாவது எரியும் வரை ஒருவரும் அறியவில்லை. மூன்று வாரங்கள் கீழ்த்தள வாகனத் தரிப்பிடத்தை எவரும் பயன்படுத்தவில்லை. நாங்கள் படித்தவர்கள், மாதாந்தப் பராமரிப்புப் பணம் ஒழுங்காகக் கட்டுபவர்கள். அப்படியும் இந்தக் கதி.

துபாய் ரிட்டர்ன்

அப்படியானால் ஒவ்வொரு வீட்டுக்கும் கழிவை அரைத்துத் தள்ளும் பம்பி வைக்கும் அழுத்தக் குழாய் முறை? ஒருவருடையது பழுதானால் அவர் வீடு மட்டுமே பாதிக்கப்படும். குழாயும் மிகச் சிறியது. நிலத்தின் ஏற்ற இறக்கத்தோடு அப்படியே கொண்டு போகலாம்.

குழாய்க்காரர்

அறுபது பம்பிகள், அறுபது மின்கட்டணப் பட்டியல்கள். 2022 மார்ச் கடைசியில் நாளுக்குப் பதின்மூன்று மணிநேர மின்வெட்டு இருந்ததை மறந்துவிட்டீர்களா? மாடியில்லாத வீடுகளில் மின்சாரம் போனாலும் குழாயில் தண்ணீர் வரும். கழிப்பறை வழமைபோலப் பாவிக்கப்படும். பம்பிக் குழி மட்டும் நிரம்பிக்கொண்டே இருக்கும். அதுவுமன்றி, அரைக்கும் கத்தியில் துணி சுற்றிக்கொண்டால் அதைக் கழற்றுகிற வேலை எனக்குத்தான் வரும். வருமானம் என்ற வகையில் நான் இதை எதிர்க்கக் கூடாது.

யாழ்ப்பாணத்துக் கிணறு

ஒரு விடயத்தை எல்லோரும் கடந்து போகிறீர்கள். அந்த அறுபது வீடுகளிலும் ஏற்கெனவே தாங்கி இருக்கிறது. அதை மூடிவிட்டுப் புதிதாகத் தொடங்க வேண்டும் என்று ஏன் நினைக்க வேண்டும்?

திண்மத்தைத் தாங்கியிலேயே நிறுத்திவிட்டு, தெளிந்த நீரை மட்டும் குழாயில் விடும் முறை ஒன்று இருக்கிறது. தெற்கு அவுஸ்திரேலியாவின் சிறு நகரங்களில் 1960கள் முதல், வீட்டுச் செப்டிக் தாங்கிகளின் வெளியேற்று நீரைப் பொதுக் குழாயில் சேர்த்து வந்திருக்கிறார்கள். அதே காலத்தில் இன்றைய சாம்பியாவிலும் இது பயன்பட்டது. குழாயில் திண்மம் இல்லை என்றால் சுயகழுவல் வேகம் என்ற கேள்வியே எழுவதில்லை. குழாய் இடையில் சற்றுத் தாழ்ந்து மீண்டும் உயரலாம், தாழ்ந்த பகுதி எப்போதும் நிரம்பியே நிற்கலாம். தொடக்கத்துக்கும் முடிவுக்கும் இடையில் மொத்தத்தில் இறக்கம் இருந்து, எந்த வீட்டுத் தாங்கியின் வெளிவாயும் குழாயில் நீர் ஏறி நிற்கும் மட்டத்துக்குக் கீழே போகாமல் இருந்தால் போதும்.

இனி உங்கள் எண்களைப் பாருங்கள். கடைசி வீட்டில் 1.4 மீற்றர், மேன்ஹோலில் 1.6 மீற்றர். இறக்கம் 0.2 மீற்றர். 240 மீற்றருக்கு அது 1:1200. அறுபது வீடு, வீட்டுக்கு ஐவர், ஆளுக்கு 120 லீற்றர், அதில் எண்பது வீதம் கழிவுநீர் என்றால் நாளுக்கு 28,800 லீற்றர். சராசரியாக விநாடிக்கு மூன்றில் ஒரு லீற்றர், உச்சநேரத்தில் ஏறத்தாழ 0.6 லீற்றர். 100 மில்லிமீற்றர் உள்விட்டமுள்ள பிளாஸ்ரிக் குழாய் 1:1200 சாய்வில் நிரம்பி ஓடினால் விநாடிக்கு 1.7 லீற்றர் அளவு கொண்டு போகும். பம்பி தேவையில்லை. அரை மீற்றர் முதல் 1.6 மீற்றர் வரையான கிடங்கு போதும்.

நான் இதில் அக்கறை கொள்வதற்குக் காரணம் உண்டு. எங்கள் பக்கம் சுண்ணக்கல் நிலம். மலக்குழியும் கிணறும் ஒரே வளவில். நீரில் நைத்திரேற்று ஏறுவதற்கு உரம் ஒரு காரணம் என்றால் இது மற்றது. ஊறல் குழி என்பது கழிவுநீரை இல்லாமல் ஆக்குவதில்லை; கண்ணிலிருந்து மறைக்கிறது, அவ்வளவுதான்.

ஓய்வுபெற்ற வரைவாளர்

கணக்கை இரண்டு முறை போட்டுப் பார்த்தேன், சரியாகவே இருக்கிறது. எளிமைப்படுத்திய முறை மீது எனக்குள்ள பற்று காரணமாக இதை நான் முதலில் எண்ணிப் பார்க்கவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் முழுத் திட்டமும் 20 சென்ரிமீற்றர் இறக்கத்தின் மேல் நிற்கிறது. அந்த 20 சென்ரிமீற்றரை மேசனின் தண்ணீர்க் குழாய் சொல்லியிருக்கிறது. குழாய்க்குள் ஒரு காற்றுக்குமிழ் இருந்திருந்தால்கூட ஒவ்வொரு நகர்த்தலிலும் ஒரு சென்ரிமீற்றர் பிழை சேர்ந்திருக்கும். நில அளவையாளரின் மட்டமானியைக் கொண்டு திரும்ப அளக்காமல் ஒரு மண்வெட்டிகூட எடுக்காதீர்கள்.

குழாய்க்காரர்

எனக்கு நான்கு ஐயங்கள் உள்ளன. அவற்றில் ஒன்றேனும் தீராவிட்டால் நான் இந்த வேலையை ஏற்க மாட்டேன்.

தாங்கி என்று எல்லோரும் சொல்வது தாங்கிதானா? கொழும்பின் பழைய தோட்டக் குடியிருப்புகளில் பாதி இடங்களில் மூடியைத் திறந்தால் அடியே இல்லாத கல்லுக் குழிதான் இருக்கும். அதை இணைத்தால் கழிவுநீருக்குப் பதிலாக நிலத்தடி நீரைத்தான் இருபத்துநான்கு மணிநேரமும் மாநகரக் குழாய்க்குள் வடித்துக்கொண்டிருப்பீர்கள். அப்போது 0.6 லீற்றர் என்ற கணக்குப் பொய்த்துவிடும். அதேபோலக் கூரைத் தண்ணீரை ஒருவர் இணைத்தாலும் போதும். ஆண்டுக்கு இரண்டாயிரம் மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்யும் ஊர் இது.

அடுத்தது சேறு. மூன்று நான்கு ஆண்டுகளுக்கு ஒரு முறை தாங்கியைத் துப்புரவு செய்யாவிட்டால் திண்மம் வெளிவாயால் வரும். 1:1200 சாய்வில் வந்த திண்மம் அங்கேயே குடியிருக்கும். பவுசர் உள்ளே வர முடியாது என்று நீங்களே முதலில் எழுதியிருக்கிறீர்கள்.

மூன்றாவது, பிரதான குழாய் நிரம்பி மேன்ஹோலில் தண்ணீர் ஏறும் நாள். கொழும்பின் குழாய்களில் ஒரு பகுதி கடந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் பதிக்கப்பட்டது; 2009 இல் ஆசிய அபிவிருத்தி வங்கியின் 100 மில்லியன் டொலர் கடனோடு தொடங்கிய திட்டத்தில் சீரமைப்பு நடந்தாலும், பெருமழையில் மேன்ஹோல் வழிவதை நான் பார்த்திருக்கிறேன். வீதி மட்டத்துக்குத் தண்ணீர் ஏறினால், உங்கள் கடைசி வீட்டின் நிலம் அதை விட 0.9 மீற்றர் தாழ்வு. நகரத்தின் கழிவுநீர் அந்த வீட்டுக் கழிப்பறையால் எழும்பி வரும். பின்னோட்டத் தடை வால்வு இல்லாமல் முடியாது. வாயிலில் ஒன்று, தாழ்ந்த வீடுகளில் தனித்தனியாக ஒவ்வொன்று.

நான்காவது, செப்டிக் தாங்கியிலிருந்து வரும் நீர் ஒட்சிசன் அற்றது. ஐதரசன் சல்பைட்டு கரைந்திருக்கும். பிளாஸ்ரிக் குழாய்க்கு ஒன்றும் ஆகாது. ஆனால் மேன்ஹோலுக்குள் உயரத்திலிருந்து கொட்டினால் வாயு பிரிந்து, கொங்கிறீற்றின் மேற்பகுதியில் பக்ரீரியாவால் அமிலமாக மாறி அதை அரிக்கும். குழாயை உள்ளே நீர்மட்டத்துக்குக் கீழே முடியும்படி வளைத்து விடவேண்டும். அந்த மேன்ஹோலுக்குள் ஆளை இறக்க வேண்டாம் என்பதையும் இங்கேயே எழுதி வைக்கிறேன். அந்த வாயு செறிவு கூடும்போது மூக்கின் மணம் அறியும் திறனையே கொன்றுவிடும். மணம் இல்லை, இறங்கலாம் என்று நினைத்தவர்கள் திரும்பி வரவில்லை.

வெள்ளவத்தை மாடி

குழாய்க்காரர் அண்ணனுடைய இரண்டாவது ஐயம்தான் எனக்கும் பெரிதாகப் படுகிறது. தாங்கி ஒவ்வொருவருடைய வளவிலும் இருக்கும்போது, துப்புரவு செய்வதும் ஒவ்வொருவருடைய விருப்பம் ஆகிவிடும். செய்யாதவர் வீட்டில் ஒன்றும் ஆகாது. அவருக்குக் கீழே இருப்பவர் வீட்டில்தான் தண்ணீர் நிற்கும்.

யாழ்ப்பாணத்துக் கிணறு

சகோதரி சொல்வது உண்மை. கராச்சியின் ஒறாங்கி குடியிருப்பில் சமூக சேவையாளர் அக்தர் ஹமீத் கான் 1980 இல் தொடங்கிய திட்டத்தில், ஓர் ஒழுங்கையைத்தான் அமைப்பின் அலகாகக் கொண்டார்கள். இருபது முப்பது வீடுகள் சேர்ந்து, தங்களுக்குள் ஒருவரைப் பொறுப்பாக்கி, பணம் சேர்த்து, தாங்களே குழாய் பதித்தார்கள். அங்கும் கழிப்பறைக்கும் ஒழுங்கைக் குழாய்க்கும் இடையில் திண்மத்தைத் தடுக்கும் ஒரு சிறு தொட்டி இருந்தது. அயல் வீட்டாரின் முகத்தைத் தினமும் பார்க்க வேண்டியிருப்பதால் பணம் கட்டாமல் இருப்பது கடினம். ஒறாங்கியின் குறை வேறு இடத்தில் இருந்தது: ஒழுங்கைக் குழாய்கள் போய்ச் சேர்ந்த ஓடைகளுக்குச் சுத்திகரிப்பு இல்லை. உங்கள் குழாய் போய்ச் சேரும் வலையமைப்பும் முகத்துவாரத்திலும் வெள்ளவத்தையிலும் கடலுக்குள் நீட்டிய குழாய்களில் முடிந்த வலையமைப்புத்தான். திண்மத்தை நீங்கள் தடுத்து அனுப்புவது அந்தப் பக்கத்துக்கும் நல்லது.

தாங்கிகளைத் தனித்தனியாக வைத்திருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. நான்கைந்து வீடுகளுக்கு ஒரு தாங்கி என்று ஒழுங்கைக்குள்ளேயே கட்டினால் மூடிகளின் எண்ணிக்கை குறையும். சிறு உழவு இயந்திரத்தில் இழுக்கப்படும் பவுசர் உள்ளே வருமா என்பதையும் பாருங்கள்.

மட்டக்குளி வாசி

ஆறு வாரங்களுக்குப் பின் எழுதுகிறேன், தாமதத்துக்கு மன்னிக்கவும்.

மட்டமானியால் அளந்தோம். மேன்ஹோலின் அடிமட்டம் 1.66 மீற்றர், கடைசி வீட்டின் நிலம் 0.97 மீற்றர் தாழ்வு. எங்கள் மேசனின் அளவு ஆறேழு சென்ரிமீற்றர் பிழைத்திருந்தாலும் இரண்டு முனையும் ஒரே பக்கமாகப் பிழைத்திருக்கிறது. இறக்கம் ஏறத்தாழ அதே 20 சென்ரிமீற்றர்தான். ஆனால் ஆற்றோரமாக ஒதுங்கிய நான்கு வீடுகளின் தாங்கி வெளிவாய்கள் வீதி மட்டத்துக்கு 1.62 மீற்றர் கீழே இருக்கின்றன. அவற்றுக்கு நான்கு சென்ரிமீற்றர் மட்டுமே மிஞ்சுகிறது.

மூடிகளையும் திறந்து பார்த்தோம். அறுபதில் பதினொன்று அடியில்லாத குழிகள். தன் வீட்டில் இருப்பது தாங்கி என்று கூட்டத்தில் மேசையில் தட்டிச் சொன்னவருடையதும் அவற்றில் ஒன்று. அந்தப் பதினொன்றுக்கும் பதிலாக மூன்று பொதுத் தாங்கிகள் கட்டப்படும். தாழ்ந்த நான்கு வீடுகளும் ஒரு தாங்கியையும் தரைக்கு மேல் உயர்த்திய மேடையில் மின்பெட்டி வைத்த ஒரு சிறு பம்பியையும் பகிர்ந்துகொள்ளும். திறப்பு ஒழுங்கை வாயில் கடைக்காரரிடமும் சங்கச் செயலாளரிடமும் ஒவ்வொன்றாக இருக்கும், அது கூட்டக் குறிப்பிலும் எழுதப்பட்டுள்ளது. மீதி ஐம்பத்தாறு வீடுகளும் பம்பியின்றி இணையும். சிறு பவுசர் ஒன்றை வெறுமையாக உள்ளே ஓட்டிப் பார்த்தோம். கடைசியிலிருந்து எட்டாவது வீடு வரை வருகிறது, அங்கிருந்து குழாய் எட்டும். துப்புரவுப் பணத்தை வீட்டுக்காரரிடம் விடாமல் மாதச் சந்தாவோடு சேர்த்து அறவிட்டு, ஆண்டுக்குப் பதினைந்து தாங்கிகள் என்ற முறையில் சங்கமே செய்வதென முடிவாகியிருக்கிறது. இருவர் இன்னும் கையெழுத்திடவில்லை. மாநகர சபைக்கான விண்ணப்பத்தை இந்த வரைபடத்தோடு கொடுத்துவிட்டோம்.

குழாய்க்காரர்

அப்படியானால் நான் வருகிறேன். நாற்பது மீற்றருக்கு ஒரு துப்புரவு வாய் வையுங்கள். பெட்டி மூடிகள் கான் மட்டத்துக்கு மேலே இருக்கட்டும், இல்லையேல் மழைநீர் அதற்குள்தான் இறங்கும். குழாய் பதித்து மணல் போட முன், ஒவ்வொரு இணைப்புக்கும் அருகில் அளவுநாடாவை நீட்டி வைத்து, பின்னால் வீட்டு இலக்கம் தெரியும்படி படம் எடுத்து வையுங்கள். ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு அடைப்பெடுக்க வருபவர் நானாக இருந்தாலும், எந்த இடத்தில் தோண்டுவது என்று அந்தப் படத்தைத்தான் கேட்பேன்.